அப்பா நின்ற பீரோ

எங்கள் நிகழ்ச்சி இரவு பதினொன்றரைக்கு ஒளிபரப்பாகும். படம்பிடிப்பது சாயங்காலம் நாலரைக்கு. என் முதுகுக்குப் பின்னால் நகரத்து விளக்குகள் மினுங்குவது மாதிரி தெரிவது வெறும் படுதா. வெளியே கலிபோர்னியாவின் பர்பாங்க் ஊர் வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே நான் கோட்டும் டையுமாக நின்றுகொண்டு, "இந்நேரத்துக்கும் தூங்காம என்ன பண்றீங்க?" என்று அமெரிக்காவைப் பார்த்துக் கேட்பேன். பன்னிரண்டு வருஷம் கேட்டேன். அந்தப் பொய்க்காக நான் வெட்கப்படவில்லை. அது தொழில். வெட்கப்படுவதற்கு என்னிடம் வேறொரு பொய் இருக்கிறது.

என் பெயர் டெர்மட் கோனகன். ஊர், ஸ்காட்லாந்தில் கிரீனக். அப்பா ஹியூ கோனகன் அங்கே சர்க்கரை ஆலையில் கொதிகலன் பக்கம் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வந்தால் கருகின சர்க்கரை வாசம் வரும். வேறெந்த வாசமும் வந்ததில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் அப்பா குடிக்காதவர். பதினைந்து வயதில் கோயிலில் முழந்தாளிட்டு, சாகும்வரை ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று உறுதிமொழி எடுத்து, இயேசுவின் திரு இருதயம் பொறித்த சின்னப் பின் ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டவர். எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்களில் அப்படி ஒரு கூட்டம் உண்டு. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பின். கோட்டு மாற்றினால் பின்னையும் மாற்றிக் குத்துவார். "என் மோதிரத்தைக் கழட்டினாலும் கழட்டுவாரு, அதைக் கழட்ட மாட்டாரு" என்று அம்மா கிண்டல் பண்ணுவாள்.

எனக்குப் பதினாறு வயதில், ஒரு சனிக்கிழமை, கால்பந்தாட்டம் பார்த்துவிட்டு இரண்டு பீர் குடித்து வீட்டுக்கு வந்தேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சமையலறையில் எதிரே உட்காரவைத்து, மேஜையைப் பார்த்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார்.

அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, பெருங்குடிகாரர். அப்பாவுக்கு எட்டு வயதில், கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளுக்கு முந்தின சாயங்காலம் தாத்தா போதையில் வந்து, கக்கூஸ் என்று நினைத்து மரப்பீரோவைத் திறந்து, உள்ளேயே ஒன்றுக்குப் போய்விட்டார். உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது புதுநன்மைக்கு வாங்கின சூட்டு. துவைத்துப் போட்டும் காயவில்லை. மறுநாள் காலை அந்த ஈரச் சூட்டோடுதான் அப்பா கோயிலுக்குப் போனார். பக்கத்தில் நின்ற பையன்கள் இருவரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஆளுக்கொரு அடி தள்ளி நின்றார்கள்.

"அந்த ரெண்டு அடி இடம் இருக்கே, அது இன்னும் அப்படியே இருக்குடா" என்றார். "யாருக்கும் சொன்னதில்ல. ரோஸ்லீனுக்கே தெரியாது. உனக்கு ஏன் சொல்றேன்னா, இன்னிக்கு உன்மேல அந்த வாசம் வருது."

ரோஸ்லீன் என் அக்கா. அவளிடம்கூடச் சொல்லாததை என்னிடம் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். பிறகு அதை விற்றேன்.

விற்றது நியூயார்க்கில். கிளாஸ்கோ மதுக்கடைகளில் ஏழு வருஷம் மேடையேறி நகைச்சுவை பேசி, கொஞ்சம் பேர் வாங்கி, பெரிய ஆள் என்ற நினைப்போடு அமெரிக்கா போனேன். அங்கே நான் பேசுவது ஒருத்தனுக்கும் புரியவில்லை. ஒரு நிலவறை கிளப்பில் மூன்று நிமிஷம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. நேரம் முடிந்தது என்று காட்டும் சிவப்பு விளக்கு எப்போது எரியும் என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயத்தில் வாய் தானாகச் சொன்னது: "எங்கப்பா ஒருநாள் குடிச்சிட்டு வந்து பீரோவைத் திறந்தாரு..." தாத்தாவை அப்பாவாக்கினேன். சர்க்கரை ஆலையைக் கப்பல் கட்டும் தளமாக்கினேன். தள்ளாடிக் காட்டினேன். கடைசியில் சின்னப் பையன் குரலில் கத்தினேன்: "அப்பா! கக்கூஸ் அது இல்ல!"

கூரை பிய்ந்தது. குடிக்காத ஸ்காட்லாந்துக்காரனை வைத்து எந்த அமெரிக்கனையும் சிரிக்கவைக்க முடியாது. குடிகார ஸ்காட்லாந்துக்காரன் உள்ளே நுழைந்தாலே போதும், பாதிச் சிரிப்பு வாசலிலேயே வந்துவிடும். அந்த நாலு நிமிஷம்தான் என்னை முதலில் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனது. ஒரு தொடரில் குடிகாரப் பக்கத்துவீட்டுக்காரன் வேஷம் வாங்கித் தந்தது. கடைசியில் என் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி தந்தது. அரங்கம் அமைத்தவர்கள் மேடையின் இடதுபக்கம் ஒரு பெரிய மரப்பீரோ வைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் விருந்தினர்கள் அதைத் திறந்துகொண்டுதான் வெளியே வருவார்கள். முன்னூறு பேர் ஒரே குரலில் கத்துவார்கள்: "அப்பா! கக்கூஸ் அது இல்ல!" அந்த வசனம் போட்ட பனியன் கடைகளில் விற்றது.

கிரீனக்கில் எங்கள் நிகழ்ச்சி வராது. மாதம் ஒரு பதிவு அப்பாவுக்கு அனுப்பிவைப்பேன். பீரோவுக்கு வேலையில்லாத நாளாகத் தேடிப் பொறுக்கி அனுப்புவேன். "நல்லா பேசறே. ஆனா அந்தப் பீரோ எதுக்குடா அங்க?" என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டார். "சும்மா, அலங்காரத்துக்குப்பா" என்றேன்.

மூன்றாம் வருஷம் நிகழ்ச்சி படுத்துவிட்டது. பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். நாலாம் வருஷம் உண்டா இல்லையா என்று பிப்ரவரி கடைசியில் சொல்வதாக மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். சரியாக அந்த பிப்ரவரியில்தான் அப்பா வந்தார். அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. எழுபது வயதில் முதல்முறையாக விமானம் ஏறியிருந்தார். கனமான கம்பளிக் கோட்டு, அதில் பின். கலிபோர்னியா வெயிலில் கோட்டைக் கழற்றினார். பின்னை எடுத்து உள்கோட்டில் குத்திக்கொண்டார்.

மார்சி கப்லன் எங்கள் தயாரிப்பாளர். என் காரோட்டி மூலம் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மறுநாளே என் அறைக்கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"அந்தப் பீரோ அப்பா ஊருக்கு வந்திருக்காராமே! எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவர் கூச்ச சுபாவம், மார்சி."

"குடிச்சா கூச்சம் போயிடும்."

நான் சிரித்தேன். அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். 'அவர் குடிக்க மாட்டார்.' மூன்று வார்த்தை. பதினைந்து வருஷமாக முழ நீள வாக்கியங்களாகப் பேசிச் சம்பாதித்தவனுக்கு அந்த மூன்று வார்த்தை வரவில்லை.

"வெள்ளிக்கிழமை பீரோவுக்குள்ளேர்ந்து அவர் வரணும்" என்றாள் மார்சி. "வந்தார்னா நாலாம் வருஷம் நமக்குத்தான். வரலேன்னா, நூத்திப்பத்துப் பேரு வேற வேலை தேடணும். நீயும் சேத்துதான்."

மறுநாள் காலை அப்பா என் வீட்டுச் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தேன்.

"அப்பா, மேடைல உங்களைப் பத்திப் பேசுவேன். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கேன்."

"எவ்வளவு?"

"நீங்க குடிப்பீங்கன்னு."

கத்தி நின்றது. பிறகு நகர்ந்தது. "கொஞ்சமாவா, நிறையவா?"

"நிறைய."

"ம்."

"ஒரு... பீரோவைப் பத்தியும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இவ்வளவு நாள் கழித்தும் அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் எழுதிவிடுவேன். எட்டு வயதுப் பையன் ஒருத்தன் பக்கத்தில் நின்றவன் தள்ளிப்போவதைப் பார்க்கிற பார்வை அது.

"அந்தப் பீரோவையுமாடா?"

"ஆமாப்பா."

"அதுல நான் யாரு? பையனா?"

"இல்லப்பா. நான்தான் பையன்."

ரொட்டியை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "நான் இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? கத்தியிருக்கலாம் அல்லவா? எங்கள் அப்பா கத்துகிற ரகமில்லை. நூற்றுப்பத்துப் பேர் கணக்கையும் சொன்னேன். ஆலையை மூடின அன்று வேலை போனவர்களில் அவரும் ஒருத்தர். அது அவரைத் தொடும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"கையில ஒரு கிளாஸ் இருக்கும்பா. அவ்வளவுதான். தள்ளாடிட்டு வந்து ஒரு மடக்கு குடிக்கற மாதிரி."

"கிளாஸ்ல என்ன இருக்கும்?"

"ஆறின டீ. டிவில யார் விஸ்கி குடிச்சாலும் அது டீதான்."

"உறுதியா?"

"உறுதியாப்பா."

வெள்ளிக்கிழமை நாலரைக்குக் கொஞ்சம் முன்னால், மேடைக்குப் பின்னால் இருட்டில், அப்பா பின்னைக் கழற்றினார். ஐம்பத்தைந்து வருஷமாக அதைக் குத்தியிருந்தவர்; கோட்டு மாற்றும்போதும் படுக்கப்போகும்போதும் தவிர அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. "வேஷம்தான். ஆனா இது வேஷத்துல வரக் கூடாது" என்று சொல்லி என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "பத்திரமா வச்சிரு." ஞாயிறு பூசைக்குப் போடும் கருநீலச் சூட்டு போட்டிருந்தார். அதன் காலரில் பின் குத்தின இரண்டு சின்ன ஓட்டைகள். பீரோவுக்குள் ஏறி நின்றார். மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வென்டல் ஒரு கிளாஸை அவர் கையில் கொடுத்து, கதவைச் சாத்தினார்.

வென்டல் நல்ல மனுஷர். அந்தக் கட்டிடத்திலேயே நல்ல மனுஷர் அவர்தான். அதுதான் விஷயம்.

கச்சேரிக்காரர்கள் வாசித்து முடித்தார்கள். நான் நாலு நிமிஷம் பேசி முடித்தேன். பீரோவுக்குள் ஏதோ உருளும் சத்தம், அது ஒலிப்பதிவு. முன்னூறு பேரும் எழுந்து நின்று கத்தினார்கள்: "அப்பா! கக்கூஸ் அது இல்ல!"

கதவு திறந்தது.

கைகாலை உதறிக் கோமாளித்தனம் பண்ணுவார், பார்க்கக் கண்றாவியாக இருக்கும், ஒரு நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அப்பா அப்படிச் செய்யவில்லை. ஒரு தோளை முன்னே விட்டு, மெதுவாக, ரொம்ப மரியாதையாக வந்தார். போதை இல்லை என்று காட்டிக்கொள்ளப் பாடுபடுகிற குடிகாரன் வருகிற மாதிரி. இல்லாத படி ஒன்றைத் தாண்டினார். இல்லாத ஆளுக்கு வழிவிட்டார். மேஜையைத் தொட்டுப் பார்த்து, அது நிற்கிறது என்று தெரிந்ததும் அதற்கு நன்றி சொல்வது போல் தலையசைத்தார். அதை எங்கே கற்றார் என்று எனக்குத்தான் தெரியும். தினமும் மதுக்கடை வாசலில் போய் நின்று, அவர் அப்பாவைக் கூட்டிவந்த பையன் கற்றது அது. கேமரா பிடித்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நான்கூடச் சிரித்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று கிளாஸைத் தூக்கினார். மூக்குக்கு அருகில் வந்ததும் கை நின்றது.

ஆறின டீக்கு அந்த வாசம் கிடையாது. எனக்கே அடித்தது, ஒரு கஜ தூரத்தில். விஸ்கி. ஓரத்தில் வென்டல் முகமெல்லாம் சிரிப்பாக, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அப்பா கிளாஸுக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

நான் கோமாளி. என் தொழிலில் முதலில் கற்றுக்கொடுப்பதே எதையாவது தட்டிவிடுவதுதான். முழங்கையால் ஒரு இடி இடித்திருந்தால் கிளாஸ் பறந்திருக்கும், என் சட்டையெல்லாம் நனைந்திருக்கும், சிரிப்பு இரண்டு மடங்கு வந்திருக்கும். இதை நான் பிறகு யோசித்துச் சொல்லவில்லை. அந்த வினாடியே தோன்றியது. முழங்கைகூடத் தயாரானது. ஆனால் சனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்படி ஓர் அமைதி எனக்கு மூன்று வருஷமாக வாய்க்கவில்லை. அது எங்கே போய் முடியும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். கையைத் தொங்கவிட்டு நின்றேன்.

அப்பா குடித்தார். பேதி மருந்து குடிப்பது போல் ஒரே மூச்சில். கண்ணில் தண்ணீர் முட்டியது, இருமல் வந்தது, முகம் சிவந்தது. கூட்டம் ஓவென்று அலறியது.

"வீட்டுக்குப் போக வழி தெரியுமாப்பா?" என்று கேட்டேன். எழுதிவைத்த வசனம்.

அவருக்கும் ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தோம். அதை அவர் சொல்லவில்லை. "நீ கூட்டிட்டுப் போடா. எங்கப்பாவை நான் கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

அதற்கும் சிரித்தார்கள். மூன்று நிமிஷம் நிற்காத கைதட்டல்.

உள்ளே வந்ததும் வென்டல் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பதினெட்டு வருஷச் சரக்கு ஐயா, என் சொந்த பாட்டில். இவ்வளவு பெரிய ஆளுக்குப் போயி டீத்தண்ணி குடுக்க மனசு வரல."

"நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றார் அப்பா. வென்டலைச் சங்கடப்படுத்தாமல் இரண்டு நிமிஷம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போனார். வர வெகுநேரம் ஆயிற்று.

காரில் பின்னை நீட்டினேன். அவர் வாங்கவில்லை; கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"டெர்மட், இது எப்ப வரும்?"

"இன்னிக்கேப்பா. பதினொன்றரைக்கு."

"தள்ளாடினது இருக்கட்டும். உனக்கு அது வேணும். அந்தக் கிளாஸ் வர்ற இடத்தை மட்டும் வெட்டிடறியா?"

"வெட்டிடறேன்பா."

"சத்தியமா?"

"சத்தியமா."

வீடு வந்ததும் நேரே மாடியில் என் அறைக்குப் போய் மார்சியைத் தொலைபேசியில் அழைத்தேன். இன்னும் கொஞ்சம் அந்தி வெளிச்சம் இருந்தது. ஏழரைக்குள் சொன்னால் எதையும் வெட்டலாம். அதுதான் சாயங்காலம் படம்பிடிப்பதில் உள்ள வசதி.

"அந்தக் கிளாஸ் வர்ற இடத்தை எடுத்துட முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியும். நீ எடுன்னா எடுக்கறேன்" என்றாள் மார்சி. "ஆனா டெர்மட், நான் இருபத்திரெண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். அந்தக் கிழவர் கிளாஸுக்கு மேல உன்னைப் பாக்கறாரே, அந்த மாதிரி ஒண்ணு நான் பாத்ததில்ல. அதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு, ஒரு வயசானவர் நடக்கறாரு, அவ்வளவுதான். எடுக்கட்டுமா?"

மாடி ஜன்னலிலிருந்து அப்பா தெரிந்தார். தோட்டத்து எலுமிச்சை மரத்தடியில் கோட்டோடு நின்றிருந்தார்.

"இருக்கட்டும், விட்டுடு" என்றேன்.

நாலாம் வருஷம் கிடைத்தது. பன்னிரண்டு வருஷம் ஓடியது. அந்த நிமிஷத்தை ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் போட்டார்கள். ஊர் உலகமெல்லாம் கைபேசியில் பார்த்தது, கிரீனக்கும் பார்த்தது.

அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர் திரும்பின மறுநாள் காலை, யாரும் எதையும் பார்ப்பதற்கு முன்பே, பங்குச் சாமியாரிடம் போய், உறுதிமொழி எடுத்தவர்களின் பதிவேட்டிலிருந்து தன் பெயரைத் தானே அடிக்கச் சொல்லிவிட்டு வந்தார். சாமியார் விவரம் கேட்டிருக்கிறார். தெரியாமல் நடந்ததற்குக் குற்றமில்லை என்று சொல்லியிருக்கிறார். "தெரிஞ்சுதான் சாமி" என்றாராம் அப்பா. அவர்களுடைய மாதக் கூட்டத்தில் கூட்டாளிகளுக்கு டீ போட்டுக் கொடுப்பது அவர் வேலை. இருபது வருஷமாகச் செய்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. இதெல்லாம் ரோஸ்லீன் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு பேசுவேன். மழையைப் பற்றிப் பேசுவோம். எங்கள் ஊர்க் கால்பந்து அணியான மார்ட்டன் தோற்றதைப் பற்றிப் பேசுவோம்.

ஒரே ஒருமுறை நேரில் கேட்டேன். அவருக்கு எண்பது ஆன வருஷம், கிரீனக் வீட்டுச் சமையலறையில், அதே மேஜையில்.

"வாசம் வந்தப்பவே தெரிஞ்சுதாப்பா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் குடிச்சீங்க? கீழ வச்சிருக்கலாமே."

"உன்னைப் பாத்தேன். நீ என்ன சொல்றேன்னு பாத்தேன்." தேநீரை ஆற்றிக்கொண்டார். "குடிங்கன்னு சொன்னே."

"நான் ஒண்ணும் சொல்லலப்பா."

"சரிடா" என்றார். அந்தச் சரியால் அந்தப் பொய்யையும் என்னிடமே விட்டுவைத்தார்.

போன நவம்பரில் இறந்தார். ரோஸ்லீன் அவருக்குக் கருநீலச் சூட்டைப் போட்டுவிட்டிருந்தாள். காலரில் அந்த இரண்டு ஓட்டைகளும் அப்படியே இருந்தன. நான் அமெரிக்காவிலிருந்து பின்னைக் கொண்டுவந்திருந்தேன். பெட்டியை மூடுவதற்கு முன் குனிந்து குத்தப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"வேண்டாம். அவர் பேரை அவரே அடிச்சுக்கிட்டாரு. இன்னிக்காவது பொய் சொல்லாத."

அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் காலை அக்காவும் நானும் கல்லறைக்குப் போனோம். சாரல் அடித்தது. பூக்களுக்கு நடுவில் என்னவோ மின்னியது. கிட்டே போய்ப் பார்த்தால் விஸ்கி பாட்டில்கள். கைக்கு அடக்கமான குட்டி பாட்டில்கள், பதினேழு. சிலவற்றில் சீட்டு கட்டியிருந்தது. 'சியர்ஸ், பெரியவரே.' 'அங்கேயாவது கக்கூஸைச் சரியாகக் கண்டுபிடியுங்கள்.' கேலிக்கு வைக்கவில்லை. பாசத்துக்குத்தான் வைத்திருந்தார்கள். இந்த ஊர் அப்பாவை அப்படித்தான் தெரிந்து வைத்திருக்கிறது.

அக்கா கடைப்பை ஒன்றை என்னிடம் நீட்டினாள். நான் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் காலடிச் சத்தம். முப்பது வயது இருக்கும் ஓர் ஆள், கழுத்தில் மார்ட்டன் அணியின் நீலவெள்ளைத் துண்டு, கையில் இன்னொரு குட்டி பாட்டில். என்னைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான்.

"நீங்களா! ஐயோ... மன்னிச்சிருங்க. உங்கப்பான்னா எங்க வீட்டுல எல்லாருக்கும் உசுரு. வேலைக்குப் போறதுக்கு முன்ன ஒண்ணு வச்சிட்டுப் போலாம்னு..."

"சொல்லு" என்றாள் அக்கா. அவனிடம் இல்லை, என்னிடம். "உன் வாயாலயே சொல்லு. ஒரு ஆள்கிட்டயாவது."

எழுந்து நின்றேன். முழங்காலெல்லாம் சேறு. "தம்பி, எங்கப்பா குடிக்கறவர் இல்ல" என்றேன். "வாழ்க்கைல ஒரு சொட்டு குடிச்சதில்ல. பதினஞ்சு வயசுல சத்தியம் பண்ணினவரு. அன்னிக்கு டிவில குடிச்சாரே, அது ஒண்ணுதான். அதுவும் எனக்காக. டீதான் இருக்கும்னு நான்தான் வாக்குக் குடுத்தேன். அந்தப் பீரோ கதையே பொய்."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். உதடு துடித்தது. அப்புறம் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டான். இருமுகிற அளவுக்குச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கல்லறைல நின்னுக்கிட்டு கூட விடமாட்டேங்கறீங்களே! மூஞ்சில ஒரு சிரிப்பு இல்லாம சொல்றீங்க பாருங்க, அதான் சார் நீங்க. 'ஒரு சொட்டு குடிச்சதில்ல'யாம்!" துண்டைச் சரிசெய்துகொண்டு, தயக்கத்தோடு கேட்டான். "தப்பா நினைக்கலேன்னா... அந்த வசனம் ஒருதடவை சொல்லுங்களேன். பெரியவருக்குக் கேக்கற மாதிரி."

என் வாய் பழக்கத்தில் பாதி திறந்துவிட்டது. அக்கா அதைப் பார்த்தாள்.

மூடிக்கொண்டேன். அவன் அதையும் ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டிச் சிரித்தான். பாட்டிலை அப்பாவின் தலைமாட்டில் நிமிர்த்தி வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு போனான். அக்கா என்னை விட்டு இரண்டு அடி தள்ளிப் போய் நின்றாள். நான் குனிந்து பதினெட்டாவது பாட்டிலை எடுத்துப் பைக்குள் போட்டேன்.